பேட் யாருதோ, ஆட்டம் அவனுது: வளைகுடாவும் ஆன்லைன் லேக்கும்

“டேய், நான்தான்டா முதல்ல சுட்டேன்!”

ஷார்ஜா ரோலா, துபாய் கராமா, மஸ்கட் ருவி... பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து தங்கியிருக்கற எந்த ரூமுக்கு வேணா போங்க. டிவிக்குப் பக்கத்துல ஒரு எக்ஸ்பாக்ஸோ பிளேஸ்டேஷனோ இருந்தா, லீவுக்கு முந்தின ராத்திரி இந்த வசனம் கண்டிப்பா காதுல விழும். அடுத்த வசனமும் உடனே விழும்: “நெட் சரியில்ல மச்சி. பேக்கேஜை மாத்தணும்.”

மாத்துவாங்க. 100 எம்பிபிஎஸ் 250 ஆகும், 250 அப்புறம் 500 ஆகும். பில்லு ஏறும். சுட்டது மட்டும் அப்பவும் படாது.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஆன்லைன் ஆட்டத்தோட வேகம் உங்க நெட் பேக்கேஜ்ல இல்ல; ஆட்டம் யார் வீட்டுல நடக்குதுங்கறதுல இருக்கு. வளைகுடாவுல இருக்கறவங்களுக்கு ரொம்ப வருஷமா அந்த வீடு ஐரோப்பாவுலதான் இருந்துச்சு. அது ஏன், இப்ப என்ன மாறியிருக்கு, ஊர்ல இருக்கற சித்தி பையனோட விளையாடும்போது நாம என்ன பண்ணணும்... அவ்ளோதான் மேட்டர். கேம் பக்கமே தலைவச்சுப் படுக்காதவங்களும் வாங்க. சென்னை, கொழும்பு, ஃபுஜைரா மூணையும் ஒரே கயித்துல கட்டிப் போட்டிருக்கற கதையும் நடுவுல வருது.

எம்பிபிஎஸ் இருந்தா லேக் போயிடுமா?

தமிழ்ல எழுதறதுல ஒரு வசதி. டாக்டர் படிப்பும் எம்பிபிஎஸ், நெட் வேகமும் எம்பிபிஎஸ் :-) ரெண்டுமே லேக் வியாதிக்கு மருந்து கிடையாது.

நெட் வேகம்னு நமக்கு விக்கறது ரோட்டோட அகலம். ஷேக் சாயித் ரோட்டுல எத்தனை லேன் கூட்டினாலும் துபாய்ல இருந்து அபுதாபி சுமார் 140 கிலோமீட்டர்தான். ஒரே நேரத்துல நிறைய வண்டி போகலாம், ஆனா தூரம் குறையாது. சினிமா டவுன்லோட் பண்றவனுக்கு அகலம் முக்கியம். கேம் ஆடறவனுக்கு ஒரே ஒரு ஸ்கூட்டர் போயிட்டுத் திரும்பி வர்ற நேரம்தான் முக்கியம். அந்த நேரத்துக்குப் பேர்தான் பிங். கேம் அனுப்பற சரக்கும் ரொம்பச் சின்னது: “நான் இங்க நிக்கறேன், இந்தப் பக்கம் பார்க்கறேன், பட்டனை அமுக்கிட்டேன்.” ஒரு யூட்யூப் வீடியோ முன்னாடி இதெல்லாம் கொசு.

வீட்டுக்கு வீடு ஃபைபர் போட்ட நாடுகள் பட்டியல்ல அமீரகம் பல வருஷம் உலகத்துலயே முதலிடத்துல இருந்திருக்கு. அதாவது அகலத்துக்குப் பஞ்சமே இல்ல. பிரச்சினை முழுக்கத் தூரத்துல.

ஒரு சின்ன கணக்கு. கண்ணாடி இழைக்குள்ள ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்ப 1 மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். போனா மட்டும் போதாது, திரும்பியும் வரணும். அதனால 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மில்லி விநாடி பிங்னு மனசுல வச்சுக்கோங்க. இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு வாய்ப்பாடு போதும்.

துபாய்ல இருந்து லண்டன் நேர்கோட்டுல சுமார் 5,500 கிலோமீட்டர். அப்ப 55 மில்லி விநாடி. எந்தக் கொம்பன் வந்து கேபிள் போட்டாலும் இதுக்குக் கீழ கொண்டு வர முடியாது. நிஜ கேபிள் நேர்கோட்டுலயும் போறதில்ல. ஓமன் வளைகுடாவுல இறங்கி, அரேபியாவைச் சுத்தி, செங்கடல்ல ஏறி, எகிப்தைக் கடந்து, மத்தியதரைக் கடல் தாண்டிப் போகுது. வழியில இருக்கற ரவுட்டர்கள் வேற ஆளுக்கொரு சுங்கச்சாவடி. மொத்தத்துல நூறைத் தாண்டிடும்.

நூறு மில்லி விநாடின்னா கண் சிமிட்டற நேரம்தானேன்னு தோணும். ஆனா கேம் விநாடிக்கு 60 படம் ஓட்டுது; ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. எதிரி நிக்கற மாதிரி உங்க டிவியில தெரியறது மூணு படம் பழசு. நீங்க சுட்ட சேதி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் மூணு படம் ஓடியிருக்கும். ஆறு படத்துக்கு முன்னாடி அவன் நின்ன இடத்தை நீங்க குறிபார்த்துச் சுடறீங்க. வானத்துல நட்சத்திரம் பார்க்கற மாதிரி.

பேட் ஓனர்தான் அம்பயர்

நம்ம தெரு கிரிக்கெட் ஞாபகம் இருக்கா? பேட் கொண்டு வந்தவன்தான் முதல் பேட்டிங். அவன் போல்டு ஆனா “டிரையல் பால்”. அவனைக் கோச்சுக்க விட்டுட்டா பேட்டைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான், ஆட்டம் க்ளோஸ்.

கன்சோல் ஆன்லைன் ஆட்டம் பல வருஷம் இதே விதியிலதான் ஓடுச்சு. எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002 நவம்பர்ல அமெரிக்காவுல ஆரம்பிச்சுது. லட்சக்கணக்கான மேட்சுகளுக்கு சர்வர் வச்சு நடத்தறது செலவு பிடிச்ச வேலை. அதனால ஒரு சிக்கன வழி பிடிச்சாங்க: ஆடற கூட்டத்துல ஒருத்தனோட பொட்டியையே சர்வர் ஆக்கிடு. அவன்தான் ஹோஸ்ட். ஹேலோ 2 (2004), கியர்ஸ் ஆஃப் வார் (2006), கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் (2007) எல்லாம் இப்படித்தான்.

ஹோஸ்டுக்கு என்ன லாபம்? அவன் பொட்டியில நடக்கறதுதான் உண்மை. மத்தவன் டிவியில தெரியறது எல்லாம் அந்த உண்மையோட லேட்டான நகல். அவனுக்குப் பிங் பூஜ்யம். கியர்ஸ் ஆஃப் வார்ல ஹோஸ்ட் கையில இருக்கற ஷாட்கன்னுக்குத் தனி மரியாதையே உண்டு. அவன் பக்கத்துல வந்து சுட்டா பட்டுடும், நீங்க சுட்டா புகைதான் வரும்.

பேட் ஓனர்ல அயோக்கியனும் உண்டே. ஹேலோ 2 காலத்துல சில ஹோஸ்டுகள் மோடத்துல இருக்கற ஸ்டாண்ட்பை பட்டனை அமுக்குவாங்க. மத்தவங்க எல்லாம் அப்படியே சிலையா நிப்பாங்க. அவன் மட்டும் சாவகாசமா நடந்து போய் எல்லாரையும் முடிச்சுட்டு மறுபடி பட்டனை அமுக்குவான். கோச்சுக்கிட்டுக் கிளம்பினா? கால் ஆஃப் டியூட்டி 4ல ஹோஸ்ட் போயிட்டா ஆட்டமே முடிஞ்சுடும். 2009ல வந்த மாடர்ன் வார்ஃபேர் 2லதான் அந்த வரிசையில ஹோஸ்ட் மாத்தற வசதி வந்துச்சு. ஒருத்தன் போனா ஆட்டத்தை நிறுத்தி, வேற ஒருத்தனை ஹோஸ்ட் ஆக்கி, மறுபடி தொடங்கும். அதே கேமோட கம்ப்யூட்டர் பதிப்புல தனி சர்வரே கிடையாதுன்னு சொன்னப்போ ஆளுங்க கொதிச்சதும் மனு போட்டதும் தனிக் கதை.

சரி, ஹோஸ்டை யாரு தேர்ந்தெடுக்கறா? கேமே பண்ணிடும். மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி பொட்டிகள் ஒண்ணுக்கொண்ணு சின்னச் சின்ன பாக்கெட் அனுப்பிப் பார்த்துக்கும். பெரும்பாலும் மூணு விஷயம் பார்க்கும்:

1. மத்தவங்ககிட்ட இருந்து நீ எவ்வளவு தூரம்? (பிங்)

2. எல்லாருக்கும் சேதி அனுப்ப உன்னால முடியுமா? (அப்லோட்)

3. வெளியாள் வந்து தட்டினா உன் வீட்டுக் கதவு திறக்குமா? (நேட்)

ரெண்டாவதுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: 16 பேர் ஆட்டம், ஒவ்வொருத்தருக்கும் விநாடிக்கு 20 சேதி, ஒரு சேதி 200 பைட்டுன்னு வைங்க. ஹோஸ்ட் 15 பேருக்கு அனுப்பணும். பெருக்கினா 480 கிலோபிட். அப்லோட் 256, 512 கிலோபிட்டுன்னு இருந்த ஏடிஎஸ்எல் காலத்துல இதுலயே மூச்சு முட்டிடும். மூணாவது நம்ம பேச்சுலர் ரூமுக்கே எழுதினது. ஒரே ரவுட்டர்ல எட்டுப் பேர், அதுக்கு மேல பில்டிங்காரன் போட்ட இன்னொரு ரவுட்டர். கதவுக்குள்ள கதவு. எக்ஸ்பாக்ஸ் செட்டிங்ஸ்ல போய்ப் பார்த்தா நேட் ‘ஸ்ட்ரிக்ட்’னு காட்டும். அந்தப் பொட்டி ஜென்மத்துக்கும் ஹோஸ்ட் ஆகாது.

துபாய்க்காரனுக்கு ஏன் பேட் கிடைக்கல?

கதவு திறந்திருந்தாலும், அப்லோட் இருந்தாலும், முதல் விஷயத்துல வளைகுடாக்காரன் அடிபட்டான். காரணம் ஆள் எண்ணிக்கை.

இந்தியாவுக்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் 2006ல எக்ஸ்பாக்ஸ் 360 கூடவே வந்துச்சு. அமீரகத்துக்கும் சவுதிக்கும் அதிகாரபூர்வமா வந்தது 2011ல. அதுவரைக்கும் ஆடணும்னு ஆசைப்பட்டவங்க லண்டன் முகவரியோ அமெரிக்க முகவரியோ போட்டுத்தான் அக்கவுண்ட் திறந்தாங்க. ஆக, கணக்குல இந்த ஊர்ல ஆளே இல்ல, இருந்தவங்க எல்லாம் லண்டன்காரங்க :-)

மேட்ச்மேக்கிங் எப்படி வேலை செய்யும்? முதல்ல பக்கத்துல ஆள் தேடும். கிடைக்கலைன்னா வட்டத்தைப் பெருசாக்கும். இன்னும் கிடைக்கலைன்னா இன்னும் பெருசு. நடுராத்திரி துபாய்ல இருந்து தேடினா வட்டம் விரிஞ்சு விரிஞ்சு கடைசியில ஐரோப்பாவைத் தொடும். அங்க கூட்டம் அலைமோதும். உள்ள இழுத்துப் போட்டுடும்.

இப்ப பாருங்க. 12 பேர் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து. 4 பேர் துபாய். ஹோஸ்ட் யாரு? எந்த மிஷினும் 12 பேருக்குப் பக்கத்துல இருக்கறவனைத்தான் எடுக்கும். இதுல சதி எதுவும் இல்ல, வெறும் கூட்டல் கணக்கு. ஆனா தினமும் இதே கணக்கு, தினமும் இதே தீர்ப்பு. நம்ம பேருக்குப் பக்கத்துல சிக்னல் கோடு சிவப்பா ஒத்தையா நிக்கும், மத்தவங்களுக்குப் பச்சையா நாலு நிக்கும். அதைப் பார்த்துட்டு “இவன் லேக் அடிப்பான், வெளிய தள்ளு”ன்னு தள்ளறவங்களும் உண்டு.

விசாவுலயும் விருந்தாளி, வீடியோ கேம்லயும் விருந்தாளி. என்னமோ போங்க.

இதுல கேம் எழுதறவங்க ஒரு கருணை பண்ணாங்க, அதுக்குப் பேர் லேக் காம்பன்சேஷன். நீங்க சுட்ட சேதி வந்ததும் ஹோஸ்டோ சர்வரோ கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னாடி திருப்பி, நீங்க சுட்ட நேரத்துல உங்க டிவியில எதிரி எங்க தெரிஞ்சான்னு பார்த்து, பட்டிருந்தா பட்டதுன்னு எழுதிக்கும். நமக்கு நியாயம். ஆனா அந்த எதிரி அதுக்குள்ள சுவத்துக்குப் பின்னாடி ஓடிப் பதுங்கியிருப்பான். அவன் டிவியில என்ன தெரியும்? சுவத்துக்குப் பின்னாடி நிக்கும்போது திடீர்னு செத்து விழுவான். “டேய் இது அநியாயம்டா”ன்னு இப்ப அவன் கத்துவான். ஆக மொத்தம் லேக் எங்கயும் போகல. யார் தலையில கட்டறதுங்கறதுதான் மாறுது.

எக்ஸ்பிரஸ் நிக்காத ஸ்டேஷன்

“வளைகுடாவுக்குள்ளயே ஆள் இருக்காங்களே? தோஹா, பஹ்ரைன், ரியாத், குவைத் எல்லாம் சேர்ந்து ஆடலாமே?”ன்னு நீங்க கேக்கலாம். அங்கதான் கொடுமையே.

முதல்ல கேபிள் கதை. சீ-மீ-வீ 4ன்னு ஒரு கடலடி கேபிள், 2005ல வந்தது. சிங்கப்பூர்ல தொடங்கி பிரான்ஸ்ல மார்சேல் வரைக்கும். நடுவுல கொழும்பு, சென்னை, மும்பை, கராச்சி, ஃபுஜைரா, ஜெத்தா, சூயஸ்... வரிசையா நிக்கும். அதுக்கு முன்னாடியே 1997ல வந்த ஃபிளாக் கேபிளும் ஃபுஜைராவுல கரையேறுது. ஃபுஜைராவுக்கு ஏன் இந்த மவுசுன்னா, அது ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியில, ஓமன் வளைகுடாப் பக்கம் இருக்கு. கேபிள் குறுகலான சந்துக்குள்ள நுழைய வேண்டியதில்ல.

ஆக, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல ஓடற பெரிய ரயில்பாதை எல்லாம் நம்ம வாசல் வழியாத்தான் போகுது. ஆனா வளைகுடா நாடுகளோட நெட் கம்பெனிகள் சரக்கை மாத்திக்கற ஜங்ஷன் ரொம்ப காலம் இங்க இல்ல. லண்டன்லயும் ஃபிராங்க்ஃபர்ட்லயும்தான் இருந்துச்சு. நம்ம ஊர் ஸ்டேஷன்ல நிக்காத எக்ஸ்பிரஸ் மாதிரி. அடுத்த ஊருக்குப் போகணும்னாலும் எழும்பூர் வரைக்கும் போய் வண்டி மாறி வரணும்.

நம்ம வாய்ப்பாட்டுல போடுங்க. துபாய்-தோஹா சுமார் 380 கிலோமீட்டர், பிங் 4 மில்லி விநாடி வரணும். அதுவே லண்டன் போய்த் திரும்பினா? துபாய்-லண்டன் 5,500, லண்டன்-தோஹா சுமார் 5,200. மொத்தம் 10,700 கிலோமீட்டர், குறைஞ்சபட்சமே 107 மில்லி விநாடி. நாலு எங்க, நூத்தி ஏழு எங்க!

இப்ப மிஷினோட கண்ணுல பாருங்க. துபாய்க்காரனுக்கு தோஹாக்காரனும் தூரம், லண்டன்காரனும் தூரம். இன்னும் சொல்லப்போனா லண்டன்காரன் பக்கம்! அப்ப எதுக்கு தோஹாவோட சேர்த்து விடணும்? பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரன்னே அதுக்குத் தெரியாது.

இந்தச் சுத்து வழியைக் குறைக்கத்தான் 2012ல துபாய்ல யூஏஈ-ஐஎக்ஸ்னு ஒரு இணையச் சந்திப்பு தொடங்கினாங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல இருக்கற பிரம்மாண்டமான டி-சிக்ஸ் சந்திப்பை நடத்தறவங்களேதான் இதையும் நடத்த வந்தாங்க. கம்பெனிகள் அங்க வந்து கேபிளைச் சொருகினா, வளைகுடா சரக்கு வளைகுடாவுக்குள்ளயே கை மாறும். வெளியில யாரும் பெருசா பேசல. ஆனா என்னைக் கேட்டா கேம் ஆடறவங்களுக்கு அந்த வருஷம்தான் நிஜமான திருப்பம். சர்வர் வர்றதுக்கு முன்னாடி ரோடு வரணுமே.

நங்கூரம்

தூரத்து வீட்டுல ஆட்டம்னா இன்னொரு ஆபத்து: வழியில எது அறுந்தாலும் நம்ம ஆட்டம் போச்சு.

2008 ஜனவரி 30. எகிப்துல அலெக்ஸாந்திரியாவுக்குப் பக்கத்துல சீ-மீ-வீ 4, ஃபிளாக் ரெண்டும் அறுந்துச்சு. அமீரகத்துல இருந்து இந்தியா வரைக்கும் நெட் தவழ ஆரம்பிச்சுது. பிப்ரவரி 1ந் தேதி, துபாய் கரையில இருந்து 56 கிலோமீட்டர் தூரத்துல ஃபால்கன் கேபிளும் அறுந்துச்சு. ஊரே சதித்திட்டம் பேசிச்சு. கடைசியில ஃபால்கனைச் சரிபண்ணப் போன கப்பல் கண்டுபிடிச்சது யாரோ விட்டுட்டுப் போன அஞ்சாறு டன் நங்கூரம்! அதே வருஷம் டிசம்பர்ல மறுபடி மத்தியதரைக் கடல்ல கேபிள்கள் அறுந்துச்சு.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2024 பிப்ரவரியில செங்கடல்ல மூணு நாலு கேபிள் போச்சு. தாக்கப்பட்டு மிதந்துக்கிட்டிருந்த ரூபிமார் கப்பலோட நங்கூரம் இழுத்திருக்கலாம்னு பேசப்பட்டுது. 2025 செப்டம்பர் 6ந் தேதி ஜெத்தாவுக்குப் பக்கத்துல சீ-மீ-வீ 4ம் ஐஎம்ஈடபிள்யூஈ கேபிளும் அறுந்து அமீரகம், இந்தியா, பாகிஸ்தான்ல எல்லாம் நெட் மந்தமாச்சு. மத்திய கிழக்கு வழியா போற தங்களோட சரக்கும் தாமதமாகும்னு மைக்ரோசாஃப்டே அறிவிச்சாங்க.

கேபிள் அறுந்தா நெட் சாகறதில்ல. சரக்கு உலகத்தைச் சுத்தி வேற வழியா போகும். மெயிலுக்குப் பிரச்சினை இல்ல, சினிமாவும் கொஞ்சம் சுத்திட்டு ஓடிடும். கேம் மட்டும் அன்னைக்கு அவுட்.

வீட்டுப் பக்கத்துல மைதானம்

இப்ப நல்ல சேதி. மெல்ல மெல்ல மைதானம் இங்கயே வந்துச்சு. வால்வ் கம்பெனி டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டங்களுக்கு துபாய்ல சர்வர் வச்சாங்க. நம்ம பெருமைக்கு: அவங்க இந்தியாவுல வச்ச ரெண்டு ஊர்ல ஒண்ணு மும்பை, இன்னொண்ணு சென்னை. 2019ல மைக்ரோசாஃப்ட் துபாய்லயும் அபுதாபியிலயும், அமேசான் பஹ்ரைன்லயும் டேட்டா சென்டர் திறந்தாங்க. அதே வருஷம் ஃபோர்ட்நைட்ல ‘மிடில் ஈஸ்ட்’னு தனிப் பிராந்தியம் வந்துச்சு. 2022ல அமேசான் அமீரகத்துலயும் திறந்தாங்க.

துபாய்-பஹ்ரைன் சுமார் 480 கிலோமீட்டர், வாய்ப்பாட்டுக்கு 5 மில்லி விநாடி. நடைமுறையில கொஞ்சம் கூடினாலும் லண்டனோட ஒப்பிட முடியுமா? இன்னொரு லாபமும் இருக்கு: உள்ளூர் சர்வருக்குப் போற பாக்கெட் செங்கடல் பக்கமே எட்டிப் பார்க்கறதில்ல. அங்க நங்கூரம் விழுந்தாலும் இங்க ஆட்டம் ஓடும்.

சண்டை கேம்ல வேற மாதிரி வைத்தியம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி ஆட்டங்கள்ல ரெண்டே பேர்தான், நேருக்கு நேர். பழைய முறையில எதிராளி பட்டன் வந்து சேர்ற வரைக்கும் உங்க பட்டனையும் காக்க வைப்பாங்க. தண்ணிக்குள்ள சண்டை போடற மாதிரி இருக்கும். டோனி கேனன்ங்கறவர் உருவாக்கின ஜிஜிபிஓ, ரோல்பேக் முறையைப் பிரபலமாக்கிச்சு. எதிராளி அடுத்து என்ன பண்ணுவான்னு ஊகிச்சு ஆட்டத்தை ஓட்டிடும். ஊகம் தப்பா இருந்தா ரெண்டு மூணு படம் பின்னாடி போய்த் திருத்திக்கும். இங்க பேட் ஓனரே கிடையாது, ரெண்டு பேரும் சமம். நல்லா ஆடறவன் பக்கத்துல இல்லாத ஊருக்கு இது பெரிய வரம். தூரத்து ஆளோட பயிற்சி எடுக்கலாம். அந்த வரிசையில 2023ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இந்த ரோல்பேக் முறையிலதான் ஓடுது. அதுக்கான முதல் ஈவோ போட்டி அதே வருஷம் ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ்ல நடந்துச்சு. ஏழாயிரம் பேருக்கு மேல பதிவு பண்ணியிருந்தாங்க. ஜெயிச்சது அமீரகத்து ஆங்ரிபேர்ட்! நேர்ல உக்காந்து ஆடற போட்டி, அங்க லேக் எல்லாருக்கும் சமம். சமமா விட்டா என்ன ஆகும்னு உலகம் பார்த்துச்சு.

சித்தி பையன் சென்னையில

அப்ப பிரச்சினை தீர்ந்துதா? அந்நியனோட ஆடறதுக்கு ஓரளவு தீர்ந்துது. சொந்தக்காரனோட ஆடறதுக்குத் தீரல.

நம்ம குடும்பங்களைப் பாருங்க. ஒரு பையன் ஷார்ஜாவுல, சித்தி பையன் சென்னையில, பெரியப்பா பொண்ணு லண்டன்ல. மூணு பேரும் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆடறாங்க. காசு கட்டி தனி சர்வர் எடுக்கலைன்னா, யாரு உலகத்தைத் திறந்து மத்தவங்களைக் கூப்பிடறாங்களோ அவங்க பொட்டிதான் ஹோஸ்ட். ஜிடிஏ ஆன்லைனும் ஆடறவங்க பொட்டிகளை நம்பித்தான் ஓடுது. பல கேம்ல கூட்டணித் தலைவர் எந்தப் பிராந்தியமோ அங்கதான் மொத்தக் கூட்டமும் போகும். ஆக, 2004 ஹேலோ கேள்வி இன்னும் வீட்டுக்குள்ள உயிரோட இருக்கு: யாரு வீட்டுல ஆட்டம்?

வாய்ப்பாடு எடுங்க. சென்னை-துபாய் சுமார் 3,000 கிலோமீட்டர் (30). துபாய்-லண்டன் 5,500 (55). சென்னை-லண்டன் சுமார் 8,200 (82). இது ஒளியோட கணக்கு. நிஜத்துல எல்லாமே இதைவிடக் கூடத்தான் வரும், ஆனா வரிசை பெரும்பாலும் மாறாது.

- லண்டன் ஹோஸ்ட்னா: ஷார்ஜாவுக்கு 55, சென்னைக்கு 82.

- சென்னை ஹோஸ்ட்னா: ஷார்ஜாவுக்கு 30, லண்டனுக்கு 82.

- ஷார்ஜா ஹோஸ்ட்னா: சென்னைக்கு 30, லண்டனுக்கு 55.

ஷார்ஜா ஹோஸ்ட் ஆனா மட்டும்தான் யாருக்கும் 82 இல்ல. ஐரோப்பாக் கூட்டத்துல எப்பவும் ஓரத்துல நின்ன வளைகுடாக்காரன், தமிழ்க் குடும்பத்துல நட்ட நடுவுல நிக்கறான்! மெஷின் கூட்டல் போட்டு ஹோஸ்ட் எடுக்கும். குடும்பத்துல அப்படி எடுக்கக் கூடாது. ‘ரொம்பக் கஷ்டப்படப் போறவனுக்கு எது குறைஞ்ச கஷ்டம்?’னு பார்த்து எடுக்கணும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல இதே மாதிரி மூணு பசங்க. எப்பவும் லண்டன் பொண்ணுதான் ஹோஸ்ட், ஏன்னா பெரிய டிவி, புதுக் கன்சோல் அவகிட்டதான். சென்னைப் பையன் ஓடி வந்து கதவைத் திறக்கறதுக்குள்ள அது சாத்திடும், வெட்டின கட்டை திரும்ப முளைக்கும், எதிரி அடிச்சு முடிச்ச அப்புறம்தான் எதிரியே தெரிவான். மத்த ரெண்டு பேரும் சிரிப்பாங்க, வேணும்னு இல்ல. கொஞ்ச நாள்ல அவன் வர்றதை நிறுத்திட்டான். கேட்டா “எனக்கு விளையாட வரலைண்ணா”ன்னான். பத்து வயசு. செங்கடலும் எகிப்தும் சேர்ந்து தோக்கடிச்சதை அவன் தன்னோட குறைன்னு நினைச்சுக்கிட்டான். லேக்ல எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். தோத்தவனுக்குக் காரணம் தெரியாது, ஜெயிச்சவனுக்கு லேக் இருந்ததே தெரியாது.

கடைசியா, செய்ய வேண்டியவை

1. பேக்கேஜை மாத்தறதுக்கு முன்னாடி பிங்கைப் பாருங்க. 20 எம்பிபிஎஸ்ல 10 பிங், 500 எம்பிபிஎஸ்ல 120 பிங்கை உதைச்சுத் தள்ளிடும்.

2. வைஃபையை விட்டுட்டு வயர் சொருகுங்க. ஒரே பில்டிங்ல அம்பது வைஃபை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கற ஊர் இது.

3. ரூம்ல ஒருத்தன் கல்யாண வீடியோவை ஊருக்கு அப்லோட் பண்ணிக்கிட்டிருந்தா ஹோஸ்ட் ஆகாதீங்க. ரவுட்டர் வாசல்ல க்யூ நிக்கும், உங்க பாக்கெட் அந்தக் க்யூவோட கடைசியில நிக்கும்.

4. நேட் ‘ஓப்பன்’னு காட்டுதான்னு பாருங்க. ரவுட்டருக்குள்ள ரவுட்டர் இருந்தா ஒண்ணை பிரிட்ஜ் மோடுல போடுங்க.

5. மூணு நாட்டுப் பசங்க ஆடினா நடுவுல இருக்கறவன் ஹோஸ்ட். போட்டி ஆட்டம்னா ஆளுக்கொரு முறை மாத்தி மாத்தி ஹோஸ்ட் ஆகுங்க. தெரு கிரிக்கெட்ல டாஸ் போட்டோம்ல, அது மாதிரி.

6. யாராவது ஒரு சின்னப் பையன் தொடர்ந்து தோத்துக்கிட்டே இருந்தா, அவன் கையைப் பார்க்கறதுக்கு முன்னாடி அவன் பிங்கைப் பாருங்க.

அந்தச் சென்னைப் பையன்கிட்ட உலக வரைபடத்தை விரிச்சு, ஒரு நூலை வச்சு லண்டனுக்கும் ஷார்ஜாவுக்கும் அளந்து காட்டியிருக்கேன். இப்ப அவங்க ஷார்ஜாவுலதான் ஆட்டம் போடறாங்க. முதல் நாளே அவன் லண்டன் அக்காவை எரிமலைக் குழம்புக்குள்ள தள்ளி விட்டுட்டானாம். அக்கா உடனே போன் போட்டு என்ன சொன்னா தெரியுமா?

“அண்ணா, லேக் அடிக்குது!”

:-)

உங்க வீட்டுல யாரு ஹோஸ்ட், யாரு சிவப்புக் கோடு? சொல்லிட்டுப் போங்க மக்கா.